கங்கைச் சொம்பு திறந்த ஓசை

அப்பாவின் முதல் ஆண்டுத் திதிக்கு ஒரு வாரம் இருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏண்டீ, அப்பா போனப்போ நான் அந்த ரூம்ல இருந்தேனா?"

நான் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி இருந்த இடத்திலேயே நின்றது.

"இதென்ன கேள்வி?"

"கேள்விதான். பதில் சொல்லேன். நான் ஜலம் விட்டது எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. உத்தரணி, துளசி, அப்பா தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கினது, எல்லாம். ஆனா அதே சமயத்துல கையில ஈரப் பெட்ஷீட்டைப் பிடிச்சுண்டு நின்னதும் ஞாபகம் இருக்கு. ரெண்டும் எப்படிடீ ஆகும்? எனக்கு இருக்கறது ரெண்டு கையாக்கும்."

வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தாள். தாம்பாளத்தைக் கவிழ்த்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த அதன் முதுகை மறுபடி தேய்த்தாள்.

"நீ அந்த ஞாபக ஆபீஸ்லதானே வேலை பாக்கறே. உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

ஞாபக ஆபீஸ் என்று அவள் சொல்வது, கழக்கூட்டத்துக்கு அப்பால் நான் போய்வரும் ஆய்வுக்கூடத்தை. எங்கள் தெரு இருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். மென்பொருள் அலுவலகங்களின் கண்ணாடிச் சுவர்களைத் தாண்டி, நெடுஞ்சாலையின் நெரிசலைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய கட்டடம். மனிதர்கள் எப்படித் தவறாக நினைக்கிறார்கள், அதைவிட முக்கியமாக, தவறாக நினைக்கும்போது எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள் என்பதை அங்கே ஆராய்கிறார்கள். நான் ஆராய்ச்சியாளர் இல்லை. ஓரிடத்தில் நிலைக்காத கால்கள் எனக்கு. பள்ளிக்கூடம், பத்திரிகை, பதிப்பகம் என்று அலைந்துவிட்டு, நாற்பது வயதுகளின் முடிவில் அங்கே போய்ச் சேர்ந்தேன். சோதனைக்கு வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் கேள்விகளைத் தமிழில் கேட்பது, அவர்கள் சொல்வதை எழுத்தில் இறக்குவது, இவ்வளவுதான் என் வேலை. கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர்கள், எங்கள் தெருக்காரர்கள்கூட.

முதல் நாளே எங்கள் ஆய்வாளர் ஒரு விஷயத்தைச் சொல்லித்தந்தார். அவர் மலையாளப் பெண்மணி, பாதி மலையாளத்தில் மிதக்கும் தமிழ்.

"நீங்க தலையாட்டக் கூடாது, கேட்டோ. தலையாட்டினா அவங்க, தான் சொன்னது சரின்னு வச்சுக்கும். சிரிக்கக் கூடாது. ஆச்சரியப்படக் கூடாது. ஒரே ஒரு வாக்கு அனுமதி. அப்புறம். அது மதி, போதும்."

அப்புறம். அந்த ஒற்றைச் சொல்லை, ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், தண்ணீர் ஊற்றும் குரலில் சொல்லப் பழக எனக்குப் பல நாள் ஆயிற்று. எனக்கு வாய் சும்மா இருக்காது. பிறர் வாக்கியத்தை நான் முடித்துவைக்கிறவள். அங்கேதான் தெரிந்தது, முடித்துவைக்கப்பட்ட வாக்கியம் அதற்குப் பிறகு சொன்னவருடையதாக இருப்பதில்லை என்று.

அங்கே செய்கிற சோதனைகளில் ஒன்று, உலகத்தில் பல இடங்களில் பல காலமாகச் செய்துவருவது. இரண்டு பேருக்கு ஒரு சின்னப் படம் காட்டுவோம். ஒரே படம் என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் ஒருவருடைய படத்தில் கடைக்குள் நுழையும் பெண்ணின் கையில் குடை இருக்கும். மற்றவருடைய படத்தில் இருக்காது. பார்த்து முடித்ததும் இருவரையும் சேர்ந்து பேசவிடுவோம். பிறகு தனித்தனியாக அழைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்போம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஹோட்டலில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். அவர் பார்த்தது குடை இல்லாத படம். ஆனால் கூட உட்கார்ந்தவர் போகிற போக்கில், "மழைக்காலம் போல, குடையோட வந்துச்சு" என்று சொல்லியிருந்தார். என்னிடம் வந்தபோது அந்தக் குடை நன்றாக விரிந்துவிட்டிருந்தது.

"ஒரு பொம்பள வந்தாங்க மேடம். கையில கறுப்புக் குடை. கம்பி ஒண்ணு வளஞ்சிருந்துச்சு."

"அப்புறம்?"

"குடைய ஓரமா சாத்தி வச்சாங்க. போறப்ப மறந்துட்டுப் போயிருவாங்களோன்னு எனக்கு ஒரு இது. எங்க வீட்டம்மாவும் அப்படித்தான், எத்தன குடைய விட்டுட்டு வந்திருக்கா."

சோதனை முடிந்ததும் அவருக்கு உண்மையைச் சொல்லி, அவர் பார்த்த படத்தையே மறுபடி போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"படத்த மாத்திட்டீங்க மேடம்! என்னைய ஏமாத்தப் பாக்கீங்க. நான் பாத்தேன்லா!"

எல்லோரும் சொல்வது அதுதான். நான் மாறிவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. படம் மாறிவிட்டது என்கிறார்கள்.

அக்காவின் கேள்வி என் முன்னால் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சிரிப்பு. ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தக் குடை விரிந்ததை நான் பார்த்தவள்.

நடந்தது இதுதான், நடந்தது என்று நான் நினைப்பது இதுதான். நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அப்பா படுத்த நாளிலிருந்து அவருடைய சாப்பாடு, மருந்து, துணி, கோபம் எல்லாம் அவள் கையில். அடுத்தவன் அண்ணா, பெங்களூரில் இருப்பவன். அப்பாவுக்கு முடியவில்லை என்று தெரிந்து முதல்நாள்தான் வந்திருந்தான். கடைசி நான். காலையில் அப்பாவின் மூச்சு மாறியது. நானும் அண்ணாவும் பக்கத்தில் இருந்தோம். அக்கா நனைந்த படுக்கை விரிப்பை அலசி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருந்தாள். அண்ணா பூஜை அலமாரியிலிருந்து கங்கைச் சொம்பை எடுத்துவந்தான். காசியிலிருந்து எப்போதோ வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற செப்புச் சொம்பு, வாயில் ஈயம் வைத்து மூடியது. எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அதை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் திறப்பார்கள். அண்ணா திறந்தான். அவன் அப்பாவின் வாயில் ஒரு உத்தரணி ஜலம் விட்டான். நான் விட்டேன். அக்கா இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அவளுடைய முன்கைகள் இரண்டும் ஈரமாக இருந்தன.

மறுநாளிலிருந்து துக்கம் விசாரிக்க ஆட்கள் வரத்தொடங்கினார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எப்படி ஆச்சு? அதற்கு அடுத்தது: கூட யாரெல்லாம் இருந்தேள்? முதல் ஆள் கேட்டபோது அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். அண்ணா அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மூணு பேரும் இருந்தோம் மாமா. ஆளுக்கொரு உத்தரணி ஜலம் விட்டோம்."

இத்தனை வருஷம் தாங்கியவளுக்கு அந்த ஒரு நிமிஷம் இல்லாமல் போயிற்றே என்ற பரிதாபம்தான். வேறு ஒன்றுமில்லை. வந்தவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாக்கியசாலி நீ" என்றார். அக்கா தலைகுனிந்தாள்.

அடுத்த ஆளுக்கும் அதே பதில். அதற்கடுத்தவர்களுக்கும். நாளாக ஆகக் கதை வளர்ந்தது. துளசி சேர்ந்தது. அண்ணா அக்காவை "நீ முதல்ல விடு" என்று சொன்னது சேர்ந்தது. காரியங்கள் முடிவதற்குள், ஒரு பிற்பகலில், கூடத்தில் அக்காவே சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "நான் விட்டப்போ தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கித்து, கேட்டேளா. அவ்வளவுதான். சாந்தமாப் போயிட்டார்." அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர்களின் முகம் அப்படி இருக்காது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களும் சும்மா இல்லை. "போன மாசம் வந்தப்போ என் கையை விடவே இல்லை, அப்பவே எனக்குத் தெரிஞ்சுது" என்றார் ஒருவர். "இட்லி வேண்டாம்னாரே, அன்னிக்கே நினைச்சேன்" என்றார் இன்னொருவர். நடந்து முடிந்ததும், நடக்கப்போவது முன்பே தெரிந்திருந்ததாகத் தோன்றுவது மனித மூளையின் பழைய பழக்கம். அதையும் சோதிக்கிறார்கள். ஒரு கிரிக்கெட் மேட்சுக்கு முன்னால், யார் ஜெயிப்பார்கள், எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். மேட்ச் முடிந்தபிறகு, அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்பார்கள். ஜெயித்த பக்கமாகவே நினைவு சாய்ந்திருக்கும். வேடிக்கையான சோதனை. ஆனால் துக்க வீட்டில் அது வேடிக்கை இல்லை. அப்பவே தெரிந்தது என்று ஒருவர் சொல்லிப் போன ஒவ்வொரு தடவையும், கூடவே இருந்த உனக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வியை அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது ஒரு வருஷம் முடிகிறது. அவள் என்னைக் கேட்கிறாள்.

இருந்தாய் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். அந்த ஈர விரிப்பு மெல்ல மெல்லக் காய்ந்து காணாமல் போகும். இல்லை என்று சொல்லலாம். அதுவும் ஒரு சொல்தான். அதன்பிறகு அவளுக்கு அந்த உத்தரணி இருக்காது, ஏறி இறங்கிய தொண்டை இருக்காது. எதைச் சொன்னாலும் அது என்னுடைய வாக்கியம். நான் முடித்துவைப்பதாக ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. எனக்கு எவ்வளவு தெரியும்? அன்றைய அறையைக் கண்மூடிப் பார்த்தேன். கட்டில் தெரிந்தது. குனிந்த அண்ணா தெரிந்தான். பக்கத்தில் ஒரு பெண்ணின் முதுகு, நரை கலந்த பின்னல். அது நான். என் முதுகை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு பார்த்த பல்லியின் பார்வை அது. யாரோ வரைந்த படத்தைத்தான் நான் நினைவு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். வரைந்தவளும் நானேதான்.

"யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்றேன்.

"யோசிக்கறதுக்கு என்னடீ இருக்கு? இருந்தேன், இல்லை. இவ்வளவுதானே?" தண்ணீரை மொண்டு தாம்பாளத்தில் ஊற்றினாள். "உனக்கும் தெரியலைனா சொல்லு. சாரமில்லை, போகட்டும். ஆனா திதியன்னிக்கு எல்லாரும் வருவா. மறுபடி கேப்பா. நான் அதைச் சொல்லணும். சொல்றச்சே வாய் கூசறது."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், யாரென்று சொல்லாமல், எங்கள் ஆய்வாளரைக் கேட்டேன். "ஒருத்தருக்குப் பொய்யான ஞாபகம் ஒண்ணு இருக்கு மேடம். அது அவங்களுக்கு நிம்மதியாவும் இருக்கு. அதைத் தொடாம விட்டுடறது நல்லதில்லையா?"

அவர் டப்பாவை மூடிவைத்தார். "அவங்க உங்ககிட்ட வந்து கேட்டதா?"

"ஆமா."

"கேக்கறாங்கன்னா அந்த நிம்மதி தீர்ந்துபோச்சு, அல்லே?"

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார், "நீங்க பதில் சொல்ல வேண்டா. அவங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோங்க. பேசவிடுங்க. உங்க பணி என்னன்னு உங்களுக்குத் தெரியுமல்லோ."

எங்கள் முறைகளில் அதுவும் ஒன்று. நினைவு சொல்கிறவரைச் சம்பவம் நடந்த இடத்துக்கே அழைத்துப் போவது. அது முடியாவிட்டால் அந்த இடத்தின் வெளிச்சம், வாசனை, கைக்குத் தட்டுப்பட்டவை எல்லாவற்றையும் முதலில் சொல்லச் சொல்வது. நடந்தது பிறகு தானாக வரும். வராமலும் போகும். குடை என்ன நிறம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அப்படிக் கேட்ட நொடியில், குடை இருந்ததா என்ற கேள்வி செத்துப்போகிறது.

அடுத்த நாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் அக்கா துணி அலசி முடித்தபோது, வாளியை நான் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள். எங்கள் மாடியில் நின்றால் கோயில் கோபுரத்தின் மேல்பாதி தெரியும். தென்னை மட்டைகளுக்குப் பின்னால் அடுக்கு மாடிகள். வீட்டின் நடுமுற்றம் மாடியில் கம்பி வலையாகத் திறந்திருக்கிறது. கீழே தாளிப்பது மேலே மணக்கும். கீழே தும்மினால் மேலே கேட்கும்.

வாளியில் கிடந்த பெரிய விரிப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"என்னடீ இது, நாடகம்?"

"அன்னிக்குக் காத்தாலேர்ந்து சொல்லு. ஜலம் விட்டதைச் சொல்லாதே. பெட்ஷீட்லேர்ந்து ஆரம்பி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நீயா? ஒண்ணும் சொல்லாம இருப்பியா?" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

விரிப்பை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் சிமெண்டில் விழுந்து ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லத்தொடங்கினாள்.

"விடியறச்சே நனைச்சுட்டார். மாத்தினேன். புரட்டறச்சே என் கையைப் பிடிச்சார். பிடின்னா பிடி இல்லை, சும்மா தொட்டார். ஷீட்டைக் கீழயே அலசினேன். சோப்பு ஜாஸ்தி போட்டுட்டேன், நுரை போகவே மாட்டேன்னது."

"அப்புறம்?"

"மேல கொண்டுவந்தேன். இந்தக் கொடியிலதான் போட்டேன். இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் தொங்கித்து. கிளிப் போடலை, கிளிப் டப்பா கீழ இருந்தது. நுனியில சொட்டிண்டே இருந்தது. அதைப் பிடிச்சுப் பிழிஞ்சேன்."

"அப்புறம்?"

அக்கா விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். காற்றில் அதன் ஈரம் என் முகத்தில் பட்டது. எனக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கீழே டங்குன்னு ஒரு சத்தம்."

நான் அசையவில்லை.

"நின்னுது. மறுபடி டங். பித்தளை இல்லை. செம்பு. கெட்டியா மூடி வச்ச செம்பை அடிச்சா உள்ள ஜலத்தோட சேர்ந்து ஒரு சத்தம் வருமே, அது. எனக்குத் தெரிஞ்சுடுத்துடீ. சமையலறைல அப்படி ஒரு பாத்திரம் கிடையாது. இந்த வீட்டுல எல்லாப் பாத்திரத்தோட குரலும் எனக்குத் தெரியும். அதைத் திறக்கறான்னா எதுக்குத் திறக்கறான்னு தெரியாதா எனக்கு? வேற எதுக்குத் திறப்பா அதை?"

"அப்புறம்?" என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு சிரமப்பட்டு அதற்குமுன் சொன்னதில்லை.

"நான் போகலை."

விரிப்பின் இரண்டு ஓரங்களையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது.

"போகலைடீ. கால் இருந்தது. படி இருந்தது. கூப்பிடற தூரம். போகலை. இந்தத் துணியைப் பிடிச்சுண்டு இங்கேயே நின்னேன். நான் இறங்காத வரைக்கும் அப்பா இருப்பார்னு பட்டுது. இன்னும் அடிச்சிண்டிருக்கானே, மூடி திறக்கலை, திறக்காம இருக்கட்டும், இந்த ஷீட் காய்ஞ்சா சாயங்காலம் அப்பாவுக்கே போடலாம்னு… பைத்தியம் மாதிரி. அப்புறம் சத்தம் நின்னுடுத்து. நின்னப்புறம்தான் படி இறங்கினேன்."

சொல்லி முடித்ததும் விரிப்பைக் கொடியில் போட்டு, சுருக்கம் நீவினாள். ஓரம் ஓரமாக, பொறுமையாக. பிறகு கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன? அவள் இல்லாமல் போனதை மறைக்கத்தான் அந்தப் பொய் நினைவு வந்து உட்கார்ந்தது என்று. அது இல்லை. வரமுடியாமல் போனதை யாரும் மன்னிப்பார்கள். வராமல் நின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அண்ணா இரக்கப்பட்டுக் கொடுத்த கதை அதன்மேல் போர்த்தப் போதுமான அகலத்தில் இருந்தது.

ஆனாலும் அந்த ஆய்வுக்கூடம் எனக்குள் ஒரு சந்தேகத்தைக் குடிவைத்திருக்கிறது. குடைக்கும் கம்பி வளைந்திருந்தது. விவரம் நிறைய இருப்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. கண்ணீரோடு சொன்னாலும் ஆகாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளே கேட்டாள்.

"நீ கீழ இருந்தியே. உனக்குச் சத்தம் கேட்டுதா?"

என் படத்தில் சொம்பு ஓசையில்லாமல் திறக்கிறது. அண்ணாவின் கை மூடிக்குமேல் போகிறது, மூடி வந்துவிடுகிறது. பூ மலர்வதுபோல. நினைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது, ஈயம் வைத்து அடைத்த சொம்பு அப்படியா திறக்கும்?

"எனக்கு ஞாபகம் இல்லை அக்கா."

"அவனைக் கேளு."

அங்கேயிருந்தே அண்ணாவுக்குப் போன் செய்தேன். ஒலிபெருக்கியில் போட்டு, நடுவில் வைத்தேன். சத்தம் என்ற சொல்லே என் வாயில் வரக்கூடாது என்று எச்சரிக்கையாக இருந்தேன்.

"அண்ணா, அன்னிக்குக் கங்கைச் சொம்பைத் திறந்தியே, எப்படித் திறந்தேன்னு சொல்லேன்."

"எப்படின்னா? கையாலதான். மூடி லூசாத்தான் இருந்தது. விரலால ஒரு திருகு, வந்துடுத்து. ஏன்? திதிக்குப் புதுச் சொம்பு ஏதாவது வேணுமா?"

"இல்லை, சும்மா."

"அக்காதானே அப்போ முதல்ல விட்டா. எனக்குக் கண்ணுலயே நிக்கறது" என்றான், கேட்காமலே. போனை வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். இருவரும் கீழே இறங்கினோம்.

காரியங்கள் முடிந்த அன்று அண்ணா அந்தச் சொம்பை ஒரு துணியில் சுற்றி, பூஜை அலமாரியின் மேல்தட்டில் தள்ளிவைத்திருந்தான். அதற்குப்பிறகு யாரும் தொடவில்லை. நான் முக்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தேன். அக்கா துணியைப் பிரித்தாள்.

கழுத்து ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. வாயோரத்தில் ஈயம் பிய்ந்து, இரும்பு பட்ட கீறல்கள் இருந்தன. ஏலக்காய் இடிக்கும் சின்ன இரும்பு உலக்கையாக இருக்கவேண்டும். ஓங்கி அடித்தவனின் அவசரம் அந்தச் செம்பில் அப்படியே இருந்தது.

"காசியிலேர்ந்து வரச்சயே இப்படி இருந்திருக்கலாம் இல்லையா?" என்றேன். அதுவும் கேட்டாகவேண்டிய கேள்வி.

"வெள்ளிக்கிழமை தவறாம நான் துடைச்சு வச்ச சொம்புடீ இது. ஒடுக்கு இருந்தா என் விரலுக்குத் தெரியாதா?" ஒடுங்கிய இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். "வழவழன்னு இருந்தது."

பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் அந்த ஓசை இல்லை. எங்கள் இருவர் நினைவிலும் அப்பா மௌனமாகப் போனார். அப்படித்தான் போயிருக்கவேண்டும் என்று விரும்பினோம், விரும்பியபடி வரைந்துகொண்டோம். அடித்தவன்கூட அடித்ததை மறந்துவிட்டான். அந்த நிமிஷத்தின் உண்மையான ஓசையைக் காதில் வைத்திருந்தது மாடியில் நின்றவள் ஒருத்தி.

அதை நான் சொல்லவில்லை. அக்காவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள், சொம்பைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டே.

"அப்போ நான் தூர இல்லை, இல்லையா? கேட்டுண்டுதான் இருந்தேன்."

என் வாய் அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

திதியன்று வீடு நிறைந்திருந்தது. சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "அவனுக்கு என்ன குறை? மூணு குழந்தைகளும் கூட இருந்து ஜலம் விட்டிருக்கேள். எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

அக்கா பாக்குச் சீவிக்கொண்டிருந்தாள். பாக்குவெட்டியை மூடிக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேர் பெரியம்மா. நான் மாடியில இருந்தேன்."

அண்ணா நிமிர்ந்தான். "அக்கா, என்ன சொல்றே நீ? நீதானே முதல்ல விட்டே. நான் பாத்தேனே. உன் கை நடுங்கித்து, நான் பிடிச்சுண்டேன்."

அவன் கண் நிறைந்துவிட்டது. அவன் நடிக்கவில்லை. அந்த நடுங்கிய கையை அவன் இப்போதும் பிடித்துக்கொண்டிருந்தான். அது என்னுடைய கையாகக்கூட இருந்திருக்கலாம்.

"நீ பாத்திருப்பேடா" என்றாள் அக்கா, அவ்வளவு மெதுவாக. "உன் மேல தப்பில்லை. ஆனா நான் மாடியில இருந்தேன். துணி உலர்த்திண்டிருந்தேன். நீ சொம்பை அடிக்கற சத்தம் கேட்டுது."

"நானா? நான் எங்க அடிச்சேன்?"

அவள் எழுந்து பூஜை அலமாரிக்குப் போனாள். துணிச் சுருளைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். பிரித்துப் பார்த்தவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லுவான் என எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை. உள்ளங்கையை மடக்கி, உலக்கையைப் பிடித்ததுபோல, ஒரு தடவை கீழே இறக்கினான். கை மட்டும் எதையோ தேடியது. நினைவு வந்ததா, அந்த ஒடுக்கைப் பார்த்து அப்போது உருவானதா, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது.

பெரியம்மா நீட்டிய காலை மடக்கிக்கொண்டு கேட்டாள். குரலில் குற்றமில்லை, கதை கேட்கிற ஆவல் மட்டும்.

"சத்தம் கேட்டுது. அப்புறம்?"

அக்கா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு பாக்குவெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்புறம் நான் இறங்கலை பெரியம்மா," என்றாள். "ஷீட்டோட நுனியில இன்னும் சொட்டிண்டிருந்தது. அதைப் பிழிஞ்சுண்டு நின்னேன்."